ஒரே துணியில் மூன்று பேர்

அத்தியாயம் பதினொன்று

ஸ்ரான்லி மூன்று ரிக்கற்றுகளைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, "சனிக்கிழமை நாங்கள் மூண்டு பேரும் ஒரு இடத்துக்குப் போறம்" என்று சொன்னதைக் கேட்டுப் போன வாரம் நீங்களும் சந்தோசப்பட்டிருப்பீர்கள். நானும்தான். மனிதன் யோசித்து யோசித்துக் கண்டுபிடித்த வழி அது.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிறின்சிக்கு முதற்பல் முளைக்கும் முன்பே மன்னாரிலிருந்து படகேறியவன் ஸ்ரான்லி. வில்லாவுட் தடுப்பு முகாமில் கொஞ்சக் காலம். பிறகு லிட்கத்தில் நாலைந்து ஆண்களோடு ஒரு வீட்டில். ஒரு தற்காலிக விசா முடிய இன்னொரு தற்காலிக விசா. நிரந்தர விசா கிடைத்த பின்னும் காத்திருந்து, மனைவி மேரிறோசும் மகளும் சிட்னியில் வந்திறங்கி இப்போது ஒன்றரை மாதம். இடைப்பட்ட பதின்மூன்று வருடமும் மகள் போன் திரையில்தான் வளர்ந்தாள்.

அந்தத் திரையில் அவள் பெரிய வாயாடி. "அப்பா, சாப்பிட்டியளா?" என்றுதான் தொடங்குவாள். பிறகு பள்ளிக்கூடம், சிநேகிதிகள், அம்மா அடித்தது, அம்மாவுக்குத் தெரியாமல் ஐஸ்பழம் குடித்தது எல்லாம் வரும். விமான நிலையத்தில் எதிரே நின்ற, தொப்பை வைத்த, முன்தலை வெளித்த மனிதனைப் பார்த்த நேரத்திலிருந்து 'அப்பா' என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. "அம்மா, அவர் தேத்தண்ணி கேக்கிறார்." "அம்மா, அவரிட்டச் சொல்லுங்கோ, நான் நடந்தே பள்ளிக்கூடம் போவன் எண்டு." போனில் அப்பாவாக இருந்தவன் வீட்டில் 'அவர்' ஆகிவிட்டான்.

சனிக்கிழமை முடிவதற்குள் அவள் ஒரே ஒரு தரம் 'அப்பா' என்று கூப்பிட வேண்டும். ஸ்ரான்லிக்கு வேண்டியது அவ்வளவுதான்.

காலையில் மேரிறோஸ் கட்டிலில் மூன்று உடுப்புகளை விரித்து வைத்திருந்தாள். மஞ்சள் துணியில் சின்னச் சின்ன நீலப் பூ. தனக்கு ஒரு நீளச் சட்டை, மகளுக்கு ஒரு மேற்சட்டை, அவனுக்கு ஒரு சேர்ட். மேல்மாடிப் பத்மாவிடம் வாசலில் நின்றே தையல் மெசினை இரவல் வாங்கித் தைத்திருந்தாள்.

"என்ன இது?" என்றான் ஸ்ரான்லி.

"திருவிழா எண்டுதானே சொன்னனீங்கள்."

அவனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போகும்போது அவர்கள் வீட்டில் ஒரே துணியை வெட்டி எல்லாருக்கும் தைப்பார்கள். அவ்வளவு சனத்துக்குள் பிள்ளை கைதவறிப் போனால் தேடுவதற்கு அதுதான் வழி. "இந்தத் துணியில ஒரு பிள்ளையைக் கண்டனீங்களோ?" என்று தன் உடுப்பைப் பிடித்துக் காட்டிக் கேட்டால் போதும். அங்கே எத்தனையோ பிள்ளைகள் அப்படிக் கிடைத்திருக்கிறார்கள்.

சேர்ட்டைப் போட்டான். வயிற்றுப் பக்கம் இரண்டு பொத்தான்கள் பூட்டுப்பட மறுத்தன. தோளும் பிடித்தது.

"எந்த அளவுக்குத் தைச்சனி?"

"உங்கட அளவுச் சட்டைக்குத்தான். நீங்கள் விட்டிட்டு வந்த அந்த வெள்ளை சேர்ட்."

ஆள் பக்கத்து அறையில் உட்கார்ந்து ரீவி பார்த்துக்கொண்டிருக்கிறான். இவள் பதின்மூன்று வருடத்துக்கு முந்திய சேர்ட்டை வைத்து அளவெடுத்திருக்கிறாள். நாடாவைக் கொண்டுபோய் அவன் நெஞ்சைச் சுற்றிப் பிடிக்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. இதை அவள் அவனிடம் சொல்லவில்லை. உங்களிடம் நான் சொல்கிறேன்.

"நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு ஸ்ரான்லி அதற்கு மேலே தான் வேலை செய்யும் பாண் ஃபக்டரியின் ஜக்கெற்றை மாட்டிக்கொண்டான். பிறின்சி மஞ்சளைப் பார்த்த பார்வையிலேயே விசயம் தெரிந்தது. போட்டாள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கறுப்பு ஹூடி ஒன்றை எடுத்துக் கழுத்து வரைக்கும் இழுத்துப் பூட்டிக்கொண்டாள்.

ஒரே துணியில் மூன்று பேர் என்று புறப்பட்டதில் துணி வெளியே தெரிந்தது மேரிறோசுக்கு மட்டும்தான்.

விழா நடந்த பூங்காவுக்கு ரயில் நிலையத்திலிருந்து சனத்தோடு சனமாக நடந்தார்கள். உலகத்தில் உள்ள நாட்டார் ஆட்டம் பாட்டமெல்லாம் ஒரே புல்வெளியில். ஒரு பக்கம் அயர்லாந்து வயலின். இன்னொரு பக்கம் தொங்கா தீவுக்காரரின் பறைகள். காலில் சலங்கை கட்டிய வெள்ளைக்காரப் பெரியவர்கள் கைக்குட்டையை ஆட்டி ஆட்டித் துள்ளினார்கள். முட்டி வலியைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை போலும். சனம் வைக்கோல் கட்டுகளில் உட்கார்ந்து கைதட்டியது. எல்லாக் குடும்பங்களும் ஆளையாள் இடித்துச் சிரித்துக்கொண்டு, ஒரே தட்டில் கைபோட்டுத் தின்றுகொண்டு திரிந்தன.

இவர்கள் மூவரும் வரிசையில் நடந்தார்கள். முன்னால் ஸ்ரான்லி, நடுவில் மேரிறோஸ், பின்னால் பிறின்சி.

"பிறின்சி, அந்த ஆட்டம் பிடிச்சிருக்கோ?" என்று திரும்பிக் கேட்டான்.

"ஓம்."

"இன்னும் கிட்டப் போய்ப் பாப்பமோ?"

"பரவாயில்லை."

போனிலென்றால் இதற்குள் கைக்குட்டைப் பெரியவர்களுக்கு ஒவ்வொரு பட்டப்பெயர் வைத்து முடித்திருப்பாள். நேரில் பிள்ளையோடு எப்படிக் கதைப்பது என்று அவனுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கையை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை. போனென்றால் ஒரு கை போனைப் பிடித்திருக்கும்.

ஏதாவது வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று எல்லா அப்பாக்களையும் போல அவனும் நினைத்தான். புகை கிளம்பிய ஒரு கடையின் முன் நெடுநேரம் நின்று, பாணுக்குள் ஆட்டிறைச்சி சொசேஜும் வெங்காயமும் வைத்து மூன்று வாங்கி வந்தான்.

மேரிறோஸ் பாணைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"தவக்காலம்," என்றாள்.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை இல்லையே."

"எங்கட வீட்டில நாப்பது நாளும் மச்சம் மாமிசம் இல்லை எண்டது உங்களுக்குத் தெரியாதே? உங்கட அம்மா பழக்கினதுதானே. நான் இண்டைக்கும் அதைத்தான் செய்யிறன்."

தன் வீட்டு வழக்கத்தை, தன் தாய் பழக்கியதை, வந்த மருமகள் காப்பாற்றி வைத்திருக்கிறாள். அவன் மறந்துவிட்டான். ஃபக்டரியில் கிடைத்ததைத் தின்று, கிடைத்த நேரத்தில் தூங்கி எழுந்த வருடங்களில் தவக்காலம் எப்போது வந்தது, எப்போது போனது என்று அவன் பார்க்கவேயில்லை.

"பிள்ளையாவது..." என்று ஒன்றை நீட்டினான்.

பிறின்சி தாயிடம் திரும்பினாள். "அம்மா, அவரிட்டச் சொல்லுங்கோ, எனக்கு வேண்டாம்."

"நான் ரொட்டியும் கட்டைச்சம்பலும் கொண்டந்தனான்," என்று மேரிறோஸ் பையைத் திறக்கப் போனாள்.

"இங்கயா? எல்லாரும் பாக்கினம் அம்மா. எனக்குப் பசிக்கேல்லை."

பிறின்சி சரியாகச் சாப்பிட்டுக் கன நாளாகிறது. தட்டில் எடுத்ததைக் கிண்டிவிட்டு எழும்பிவிடுவாள். மேரிறோசுக்கு அதுதான் பெரிய கவலை. பையை மெல்ல மூடினாள்.

"நான் போய் உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கிக்கொண்டு வாறன்," என்று ஸ்ரான்லி மூன்று சொசேஜ் பாணையும் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் மறைந்தான். அவனுக்கு அங்கிருந்து போனால் போதுமென்று இருந்தது.

"அம்மா, ரொய்லற்," என்று பிறின்சியும் புறப்பட்டாள்.

"தனியப் போவியா?"

"அந்தா தெரியுதுதானே." அவளும் போனாள்.

மேரிறோஸ் வைக்கோல் கட்டொன்றில் தனியே உட்கார்ந்தாள். பக்கத்தில் பல்கேரிய ஆட்டம் தொடங்கியது. வட்டமாகக் கைகோத்துச் சுற்றும் ஆட்டம். பார்த்துக்கொண்டிருந்தவர்களையும் இழுத்துவிட்டார்கள். சிவப்புப் பாவாடை கட்டிய ஒரு பெண் வந்து மேரிறோசின் மஞ்சள் சட்டையை ஏதோ புகழ்ந்து சொல்லிக் கையைப் பிடித்தாள். மறுகையை ஒரு கண்ணாடிக்காரப் பையன் பிடித்துக்கொண்டான்.

காலடி பிழைத்துப் பிழைத்து அவளும் சுற்றினாள். முதலில் சிரிப்பு வந்தது. இரண்டாவது சுற்றில் ஒன்று உறைத்தது. இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து அவள் கையை ஒருவரும் இவ்வளவு நேரம் பிடித்திருக்கவில்லை. வீட்டில் தேநீர்க் கோப்பை கைமாறும்போது விரல் படும், அவ்வளவுதான். ஊரில் கணவன் இல்லாமல் இருந்தது தனிமைதான். ஆனால் அது எல்லாருக்கும் தெரிந்த தனிமை, நாலு பேர் வந்து விசாரிப்பார்கள். கணவன் பக்கத்தில் இருக்கும்போது வருகிற தனிமையை யாரிடம் சொல்ல முடியும்? பெயர் தெரியாத இரண்டு பேரின் கைகளைப் பிடித்துக்கொண்டு அவள் கண்கலங்கிச் சுற்றினாள். பாட்டு முடிந்ததும் அவர்கள் கையை விட்டுவிட்டு வேறு பக்கம் போய்விட்டார்கள்.

"மேரிறோஸ், நீங்களா? ஆட்டமெல்லாம் பலமா இருக்கே."

மேல்மாடிப் பத்மா. கையில் எலுமிச்சைச் சாற்றுக் கோப்பை. மதுரைக்காரி. ஸ்ரான்லி ஆண்களோடு இருந்த காலத்திலிருந்தே அதே கட்டடத்தில் இருப்பவள்.

"என்னைப் பிடிச்சு இழுத்துப்போட்டினம் அக்கா," என்று மேரிறோஸ் கண்ணைத் துடைத்தாள்.

"நம்ம மெஷின்ல தைச்சதா இது? அழகா இருக்கு. எங்க உங்க வீட்டுக்காரர்? குடும்பம் வந்ததும் எங்களையெல்லாம் மறந்துட்டாரு. முன்னெல்லாம் பொண்ணு ஃபோன் பண்ற நேரம் ஆச்சுன்னா டாண்ணு எங்க வீட்டுக்கு வந்துடுவாரு."

"உங்கட வீட்டுக்கோ?"

"ஆமா. கீழே அத்தனை ஆம்பளைங்க, ஒரே இரைச்சல். அதைப் பொண்ணு பார்க்கக்கூடாதுன்னு நினைப்பாரு. எங்க ஹால்ல நீலக் கர்ட்டன் இருக்கு பாருங்க, அதுக்கு முன்னாடி உக்காந்துதான் பேசுவாரு. நானும் எங்க வீட்டுக்காரர் பாஸ்கரும் டிவி சத்தத்தைக் குறைச்சுட்டு உள்ளே போயிடுவோம். உங்க பொண்ணு ஸ்காலர்ஷிப் பாஸ் பண்ணினன்னிக்கு எங்களுக்குக் கேக் வாங்கிட்டு வந்தாருல்ல."

மேரிறோஸ் சிரித்து வைத்தாள். அந்த நீலத் திரையை அவளுக்கு நன்றாகத் தெரியும். "அது ஊத்தையாப் போச்சு, தோய்க்கேல்லையோ?" என்று எத்தனை தரம் கேட்டிருப்பாள். "நேற்றுத்தான் தோய்ச்சனான்" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பான். அந்தத் திரைக்குப் பின்னால் ஒரு யன்னல், யன்னலுக்கு வெளியே ஒரு மரம் என்று மனதுக்குள் ஒரு வீட்டையே கட்டி வைத்திருந்தாள். அது இன்னொருத்தியின் வீடு. பத்மாவில் ஒரு குற்றமும் இல்லை. அவனிலும் இல்லையென்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். தன் மகளின் கேக்கைத் தின்றவர்கள் மேல்மாடியில் இருந்திருக்கிறார்கள், தனக்கு ஒன்றும் தெரியாமலே இருந்திருக்கிறது. அதுதான் அவளுக்கு வலித்தது.

"அவரைத் தேடிக்கொண்டு வாறன் அக்கா," என்று சொல்லிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

ஸ்ரான்லி பொரியல் வாங்கவில்லை. வரிசையில் பாதிவரை போய், விலகி வந்து, ஒரு யூக்கலிப்ரஸ் மரத்தின் கீழ் நின்றான். கையிலிருந்த பாண்கள் ஆறிப்போயிருந்தன. அவற்றைக் குப்பைத்தொட்டியில் போட்டபோது போன் அடித்தது. வீடியோ கோல்.

திரையில் பிறின்சி.

"அப்பா, சாப்பிட்டியளா?"

அவள் யோசித்துச் சொல்லவில்லை. போனை எடுத்ததும் பழக்கத்தில் வாய் அதுவாகவே சொல்லிவிட்டது. அது அவனுக்கும் விளங்கியது. விளங்கினாலும் காதுக்கு அது போதும்.

"இல்லை மகள். நீங்கள்?"

"நான் வழி மாறிப் போனன் அப்பா. ரொய்லற்றால வெளியில வர, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கு. அம்மாட போன் சார்ஜில போட்டபடி வீட்டில. நீங்கள் எங்க நிக்கிறியள்?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். சனம், தொப்பிகள், பலூன்கள். அதற்குள் ஒரு துண்டு மஞ்சள். நீலப் பூப் போட்ட மஞ்சள். வெயில் தாங்காமல் பிறின்சி ஹூடியைக் கழற்றி இடுப்பில் கட்டியிருந்தாள். ஒரு கூப்பிடு தூரம்கூட இல்லை. அவனுக்கு முதுகைக் காட்டி நின்று போனைப் பார்த்துக் கதைத்துக்கொண்டிருந்தாள். மேரிறோசின் துணி வேலை செய்துவிட்டது.

"இந்தா வாறன்" என்று சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை.

போய் முன்னால் நின்றால் போனை வைத்துவிடுவாள். போனோடு அப்பாவும் போய்விடுவார். ஸ்ரான்லி மரத்துக்குப் பின்னால் ஒரு அடி தள்ளி நின்றான்.

"இங்க ஒரு மரத்துக்குக் கீழ நிக்கிறன் மகள். பயப்பிடாதேங்கோ. அந்த இடத்திலேயே நில்லுங்கோ, நான் தேடி வாறன்."

"எனக்குப் பயமில்லை. உங்கட பின்னால நீலத் திரை இல்லாமப் பாக்க ஒரு மாதிரி இருக்கு." சிரித்தாள். திரையில் அவள் சிரிப்பு தெரிந்தது. அங்கே தோள் குலுங்கியது. இரண்டையும் ஒரே நேரத்தில் அவன் பார்த்தது இதுதான் முதல் தடவை. "சலங்கை கட்டின அந்தத் தாத்தாமாரைக் கண்டனீங்களா? கடைசியில நிண்டவருக்கு நான் கொக்கு எண்டு பேர் வைச்சிட்டன்."

"எனக்கு அப்பவே தெரியும் ஏதாவது வைப்பியள் எண்டு."

"அப்பா."

"ஓம் மகள்."

"ஒண்டு சொன்னா அம்மாட்டச் சொல்ல மாட்டியள்தானே?"

"எப்பவாவது சொல்லியிருக்கிறனே?"

அவள் தலை குனிந்தது. திரையில் நெற்றி மட்டும் தெரிந்தது.

"எனக்கு இங்க ஏலாதப்பா. பள்ளிக்கூடத்தில அவையள் கதைக்கிறது விளங்குது, ஆனா ஒருத்தரும் என்னோட கதைக்கினமில்லை. வீட்டில எல்லாரும் சத்தமில்லாம நடக்கிறம். நான் ஊருக்குத் திரும்பிப் போறன். றம்யா சித்தி வீட்டில நிண்டு படிக்கிறன். அவ ஓம் எண்டு சொல்லிட்டா."

ஸ்ரான்லி மரத்தைப் பிடித்துக்கொண்டான். "மகள், அப்பா இங்க இருக்கிறன்தானே."

"அங்க இருந்தா உங்களோட கதைக்கலாம் அப்பா. முந்தி மாதிரி ஒவ்வொரு நாளும். இங்க எனக்கு உங்களோட கதைக்கத் தெரியேல்லை."

குற்றஞ்சாட்டிச் சொல்லவில்லை. வயிற்றுவலி என்று சொல்வதைப் போலச் சாதாரணமாகச் சொன்னாள்.

"அனுப்புவியளா அப்பா?"

அவளைக் கட்டிப்பிடித்து "போகாதே" என்று சொல்லியிருக்க வேண்டும். இதை வாசிக்கிற நீங்கள் எல்லாரும் அதைத்தான் நினைக்கிறீர்கள். ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கிற தூரத்தில்தான் அவளும் நின்றாள். ஆனால் ஒன்றரை மாதமாக அந்த ஒரு சொல்லுக்காக ஏங்கியவன் அவன். அந்தச் சொல்லோடு சேர்த்து அவள் எதைக் கேட்டிருந்தாலும் அவனால் மறுத்திருக்க முடியாது.

"ஓம்," என்றான் ஸ்ரான்லி.

"சத்தியமா?"

"ஓம் மகள்."

"இஞ்சேருங்கோ." பின்னாலிருந்து மேரிறோசின் குரல். "இங்கயா நிக்கிறியள்? யாரோட கதைக்கிறியள்?"

அவன் திரும்பினான். போனைக் காதில் வைக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. கேட்டிருப்பாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தான். கேட்டதாகத் தெரியவில்லை. வேறு எதையோ கேட்கத் தேடி வந்த முகம் அது.

"பிள்ளையோட."

"எங்க அவள்?"

ஸ்ரான்லி கையை நீட்டிக் காட்டினான். மேரிறோஸ் மஞ்சள் துணியைக் கண்டாள். மரத்தைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள்.

"இவ்வளவு கிட்ட நிண்டுகொண்டு ஏன் போனில கதைக்கிறியள்?"

அவன் குனிந்து திரையைப் பார்த்தான்.

"ஏன், என்னவாம் அவளுக்கு?"

அவள் தோளில் தொங்கிய பையைப் பார்த்தான். பிறகு சொன்னான்.

"பசிக்குதாம்."

மேரிறோசின் முகம் மலர்ந்தது. நீலத் திரையைப் பற்றிக் கேட்க வந்தது அவளுக்கு மறந்தே போனது. "உங்களிட்டயா கேட்டவள்? பசிக்குது எண்டு வாய்திறந்து கேட்டவளா?"

"ஓம்."

"பாத்தீங்களா, ஒரு நாள் வெளியில கூட்டிக்கொண்டு வந்தது எவ்வளவு நல்லதாப் போச்சு." அவள் அங்கேயே புல்லில் முழந்தாளிட்டாள். பையைத் திறந்து, துணியில் சுற்றிய ரொட்டிப் பொதியையும் சம்பல் டப்பாவையும் வெளியே எடுத்து, மஞ்சள் சட்டையின் விளிம்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

திரையில் பிறின்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். விரலை உதட்டில் வைத்து, அப்பாவைப் பார்த்து ஒரு தரம் தலையாட்டினாள்.

"கெதியா வரச் சொல்லுங்கோ," என்றாள் மேரிறோஸ், பெரிய ரொட்டியாகத் தேடி எடுத்தபடி. "ரொட்டி காயப்போகுது."